விமானத்தில் கிடைத்த ஒரு சூத்திரம்: 220-இல் இருந்து வயதைக் கழித்த கதை

குரூப் ஃபிட்னஸ் கிளாஸ் எடுக்கிறவங்களுக்காகவும், எடுக்கணும்னு கோர்ஸ் படிச்சுக்கிட்டு இருக்கிறவங்களுக்காகவும் பேசிவரும் இந்தத் தொடரில் இன்று ஒரே ஒரு எண்ணின் வரலாறு. 220.

இந்த எண்ணை நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. ஜிம் சுவரில் தொங்கும் கலர் சார்ட்டில் இருக்கும். ட்ரெட்மில்லின் நெற்றியில் ஒட்டியிருக்கும். கையில் கட்டியிருக்கும் வாட்சுக்குள்ளேயும் ஒளிந்திருக்கும். 220-இல் இருந்து உங்க வயசைக் கழிங்க, வர்றதுதான் உங்க இதயம் ஒரு நிமிஷத்துக்கு அடிக்கக்கூடிய உச்சம். அதில் 70 சதவீதத்தில் இருந்து 85 சதவீதத்துக்குள் நின்னா சரியான பயிற்சி. இவ்வளவுதான் சூத்திரம். நானும் இதை மனப்பாடம் செய்துதான் தேர்வு எழுதினேன்.

முதல்ல என் கதையைச் சொல்லிடறேன். அதைச் சொல்லாம வரலாற்றுக்குப் போனா, இந்த எண் மேல் எனக்கு ஏன் இவ்வளவு கோபம்னு உங்களுக்குப் புரியாது.

சில வருஷங்களுக்கு முன்னால், கோயம்புத்தூரில் காலை ஆறு மணி பேட்ச். முப்பது பேர் இருப்பார்கள். பின்வரிசையில் ஓர் அம்மா, வயது 58, ரிட்டயர்டு டீச்சர். ஒரு நாள்கூட லேட்டா வந்ததில்லை. அப்போதுதான் எல்லோருக்கும் வாட்ச் கட்டிவிட்டு, துடிப்பைப் பார்த்து வேகத்தைக் கூட்டுகிற முறையைத் தொடங்கியிருந்தேன். அவருக்குக் கணக்குப்படி உச்சம் 162. அப்படியானால் 113-இல் இருந்து 138-க்குள் இருக்க வேண்டும். வாட்ச் 104-ஐத் தாண்டவே இல்லை.

"கண்ணு, எனக்கு மூச்சு முட்டுதுங்க"ன்னு சொன்னார்.

நான் அவர் கையைப் பிடித்து வாட்சைத் திருப்பிக் காட்டினேன். "இல்லீங்கம்மா, இன்னும் உங்க ஜோனுக்கே வரலை. கையை நல்லா மேல தூக்கிப் பண்ணுங்க, வந்துரும்."

இரண்டு பாட்டு கழித்து அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்து, தலை சுற்றல். பெரிதாக எதுவும் ஆகவில்லை, கடவுள் புண்ணியம். இரண்டு மாதம் முன்பு டாக்டர் அவருக்கு பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார். இதயத் துடிப்பைக் குறைத்து வைப்பதுதான் அந்த மாத்திரையின் வேலையே. எவ்வளவு கஷ்டப்பட்டு ஆடினாலும் அவர் வாட்சில் 113 வந்திருக்காது. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவும் இல்லை. ஆனால் மூச்சு முட்டுதுன்னு வாயைத் திறந்து சொன்னாரே! அதை விட்டுவிட்டு நான் கையில் இருந்த எண்ணை நம்பினேன்.

அன்றைக்கு ராத்திரிதான் இந்த 220 எங்கிருந்து வந்ததுன்னு தேட ஆரம்பித்தேன்.

தேடிப் போனால், கதை ஜிம்மில் தொடங்கவில்லை. லண்டன் பஸ்ஸில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் மாரடைப்பு ஏன் இப்படிப் பெருகுகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர், லண்டனின் மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களின் நோய்க் கணக்குகளை எடுத்துப் பார்த்தார். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் நாள் முழுக்கப் படி ஏறி இறங்குகிறார். இருவரும் ஒரே நிறுவனம், ஒரே மாதிரிக் குடும்பப் பின்னணி. ஆனால் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு, வந்தாலும் உயிர் பிழைப்பது அதிகம். 1953-இல் 'லான்செட்' இதழில் இது வெளிவந்தது. உடல் உழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள உறவைப் பெரிய எண்ணிக்கையில் காட்டிய முதல் வேலை என்று இதைத்தான் சொல்கிறார்கள். டிரைவர்கள் ஆரம்பத்திலேயே குண்டானவர்களாக இருந்திருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். மோரிஸ் விடவில்லை. அவர்கள் யூனிஃபார்மின் இடுப்பளவுப் பதிவுகளையும் எடுத்து ஆராய்ந்தார். அந்தக் கேள்வியிலும் ஓரளவு நியாயம் இருந்தது என்று தெரியவந்தபோது அதையும் மறைக்காமல் வெளியிட்டார். அவர் 99 வயது வரை வாழ்ந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம்ம தொழில்ல இருக்கிறவங்களுக்கு இது கேட்க சந்தோஷமான தகவல்.

சரி, உழைத்தால் இதயத்துக்கு நல்லது. எவ்வளவு உழைக்கணும்? அடுத்த இருபது வருஷம் அறிவியல் இந்தக் கேள்வியோடுதான் போராடியது. 1957-இல் ஃபின்லாந்தில் மார்ட்டி கார்வோனன் ஒரு சிறு ஆய்வு செய்தார். விரல் விட்டு எண்ணக்கூடிய அளவு இளம் மருத்துவ மாணவர்களை ட்ரெட்மில்லில் ஓடவிட்டு, துடிப்பு ஓர் அளவுக்கு மேல் ஏறினால்தான் உடல் முன்னேறுகிறது என்று காட்டினார். ஓய்வில் இருக்கும் துடிப்புக்கும் உச்சத்துக்கும் இடைப்பட்ட தூரத்தை வைத்துக் கணக்குப் போடும் முறை இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. கோர்ஸ்ல 'கார்வோனன் ஃபார்முலா'ன்னு படிச்சிருப்பீங்க.

ஆனால் அந்த முறைக்கும் ஒருவரின் உச்சத் துடிப்பு தெரிந்திருக்க வேண்டும். அதை உண்மையாக அளக்க ஒரே வழி, அவரை இனி முடியாது என்கிற இடம் வரைக்கும் ஓட வைப்பதுதான். இதய நோயாளியை அப்படி ஓட வைக்க எந்த டாக்டருக்குத் தைரியம் வரும்? வயது ஏற ஏற உச்சத் துடிப்பு குறைகிறது என்பது மட்டும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஹார்வர்டின் ஃபடீக் லேபில் சிட் ராபின்சன் 6 வயதுப் பையனில் இருந்து 91 வயதுக் கிழவர் வரை சோதித்து 1938-லேயே அதை எழுதிவிட்டார். அத்தனை பேரும் ஆண்கள். இதை ஞாபகத்துல வெச்சுக்குங்க, பின்னாடி வரும்.

இப்போது 1970. அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறையில் இதய நோய்த் திட்டத்தை நடத்திக்கொண்டிருந்தவர் டாக்டர் சாமுவேல் ஃபாக்ஸ். அவரோடு வேலை பார்த்த இளைஞர் வில்லியம் ஹாஸ்கல். இதய நோயாளிகள் எவ்வளவு கடினமாகப் பயிற்சி செய்யலாம் என்று டாக்டர்களுக்குச் சொல்ல அவர்களுக்கு ஒரு வழி தேவைப்பட்டது. ஏறக்குறைய பத்து ஆய்வுகளில் இருந்து, வயது இவ்வளவு, உச்சத் துடிப்பு இவ்வளவு என்று புள்ளிகளை ஹாஸ்கல் திரட்டி வைத்திருந்தார். ஒரு கூட்டத்துக்கு இருவரும் விமானத்தில் போகிறார்கள். ஹாஸ்கல் புள்ளிகளை எடுத்துக் காட்டுகிறார். ஃபாக்ஸ் பார்த்துவிட்டு, இதன் நடுவே ஒரு கோடு இழுத்தால் 220-இல் இருந்து வயதைக் கழித்தது மாதிரி வருகிறதே என்கிறார்.

அவ்வளவுதான். 220 பிறந்த கதை இதுதான். இதை நான் ஜோடிக்கவில்லை. முப்பது வருஷம் கழித்து 2001-இல் 'நியூயார்க் டைம்ஸ்' கேட்டபோது ஹாஸ்கலே சொன்னது. அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் பொதுமக்களின் மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல. பெரும்பாலும் 55 வயதுக்குக் கீழே, சிலர் சிகரெட் பிடிப்பவர்கள், சிலருக்கு இதய நோய். மக்களுடைய பயிற்சியை இந்த எண் ஆளட்டும் என்று தாங்கள் நினைக்கவே இல்லை என்பதைத்தான் ஹாஸ்கல் அந்தப் பேட்டியில் சிரித்துக்கொண்டே சொன்னார். 1971-இல் வந்த அவர்களுடைய கட்டுரையும் டாக்டர்களுக்கு எழுதப்பட்டதுதான்.

அப்போ டாக்டரோட மேஜையில இருந்த எண் நம்ம கிளாஸுக்குள்ள எப்படி வந்தது? இதுக்கு அதே காலத்தில் நடந்த இன்னொரு கதையைப் பார்க்கணும்.

அமெரிக்க விமானப்படையின் டாக்டர் கென்னத் கூப்பர் 1968-இல் 'ஏரோபிக்ஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓட முடிகிறது என்று பார், வாரத்துக்கு 30 பாயின்ட் சேர் என்று, யாரும் வீட்டிலேயே கணக்குப் பார்த்துக்கொள்ளும்படி எழுதியிருந்தார். அடுத்த வருஷம் போர்ட்டோ ரிக்கோவில், விமானப்படை அதிகாரி ஒருவரின் மனைவி ஜாக்கி சோரன்சனிடம், தளத்தின் டிவியில் ஒரு உடற்பயிற்சி நிகழ்ச்சி நடத்த முடியுமா என்று கேட்டார்கள். அவர் சிறு வயதில் இருந்தே நடனம் ஆடுபவர். கூப்பரின் புத்தகத்தைப் படித்து, 12 நிமிட ஓட்டத்தை முயன்று பார்த்தார். ஓடிப் பழகாதவருக்கு நல்ல மதிப்பெண் வந்தது. அப்படியானால் நடனமே இதயத்துக்குப் பயிற்சிதான் என்று புரிந்துகொண்டு 'ஏரோபிக் டான்சிங்'கைத் தொடங்கினார்.

அதே 1969-இல் சிகாகோ பக்கத்தில் எவன்ஸ்டனில் ஜூடி ஷெப்பர்ட் மிசெட் ஜாஸ் நடனம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். மாணவிகள் வருவார்கள், கொஞ்ச நாளில் நின்றுவிடுவார்கள். ஏன் என்று அவர்களிடமே கேட்டார். எங்களுக்கு டான்சர் ஆகணும்னு ஆசையில்லை, டான்சர் மாதிரி உடம்பு இருந்தால் போதும் என்றார்கள். உடனே அவர் இரண்டு காரியம் செய்தார். நடன அசைவுகளை எளிமையாக்கினார். மாணவிகளைக் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிற்க வைத்து, தானே அவர்களுக்குக் கண்ணாடியானார். இன்றைக்கு நாம் கிளாஸைப் பார்த்து நின்றுகொண்டு, அவர்களுக்கு வலது என்றால் நாம் இடது காலைத் தூக்குகிறோமே, அந்த வித்தையின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது. இதுவே பின்னால் 'ஜாஸர்சைஸ்' ஆனது.

மிசெட்டின் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது அவர் தொண்டை போன இடம். வாரத்துக்கு இத்தனை கிளாஸ், மைக் கிடையாது, பாட்டுக்கு மேலே கத்த வேண்டும். குரல் நாண் கெட்டுப்போய், வேறு ஆளுக்குப் பயிற்சி கொடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். 1977 வாக்கில் அவர் முதல் சில பேரைத் தயார் செய்தார். தன் கைக்குள் இருந்த கலையை இன்னொருவர் அப்படியே நடத்தும்படி எழுதி, பிரித்துக் கொடுக்க வேண்டிவந்தது. எந்தப் பாட்டு, எந்த எட்டுக் கவுன்ட்டில் எந்த அசைவு, அடுத்த ஸ்டெப்பை எந்தக் கவுன்ட்டில் வாயால் சொல்ல வேண்டும், எல்லாமே. பயிற்றுநர் என்ற தொழில் உருவான இடங்களில் இதுவும் ஒன்று. ஒரு தொண்டைக் கட்டில் பிறந்த தொழில்னு நான் வேடிக்கையாச் சொல்றதுண்டு. இப்பவும் மைக் இல்லாம நாலு பேட்ச் எடுக்கிற தம்பிகளைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு.

1982-இல் ஜேன் ஃபாண்டாவின் வீடியோ வந்ததும் அலை பெரிதானது. ஊருக்கு ஊர் கிளாஸ். டாக்டரின் அறையில் ஒரு நோயாளிக்கு ஒரு ட்ரெட்மில். இங்கேயோ ஒரு பாட்டுக்கு நாற்பது உடம்பு. பதினெட்டு வயதுப் பெண்ணும் அறுபது வயதுப் பாட்டியும் ஒரே தாளத்தில் குதிக்கிறார்கள். முன்னால் நிற்கும் பயிற்றுநருக்குப் பெரும்பாலும் நடனம் தெரியும், உடலியல் தெரியாது. அவருக்கு ஒரு பற்றுக்கோல் வேண்டும், சுவரில் ஒட்டக்கூடிய, குழந்தைக்கும் புரியும் கணக்கு. 220 அதற்காகவே செய்த மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டது.

எண்பதுகளின் கிளாஸில் பாட்டு நடுவே நிற்கும். எல்லோரும் கழுத்தில் விரலை வைத்து 10 விநாடி எண்ணுவார்கள், ஆறால் பெருக்குவார்கள். பார்க்க அறிவியல் மாதிரியே இருக்கும். ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒரே ஒரு துடிப்பை விட்டுவிட்டால் கணக்கில் 6 குறையும். நாடியைத் தடவித் தேடும் நேரத்துக்குள்ளேயே துடிப்பு வேகமாக இறங்கத் தொடங்கிவிடும். கழுத்தை அழுத்திப் பிடித்தால் அங்குள்ள ரத்த அழுத்த உணர்விகள் ஏமாந்து இதயத்தை இன்னும் மெதுவாக்கும். இது போதாதென்று, ட்ரெட்மில்லில் துடிப்புக்கும் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனுக்கும் இருக்கும் உறவு நடனத்தில் அப்படியே பொருந்தாது. கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினால் துடிப்பு ஏறும், அந்த அளவுக்கு உழைப்பு ஏறியிருக்காது. நான் அந்த அம்மாவிடம் கையை மேல தூக்குங்கன்னு சொன்னேன் இல்லையா? எண்ணைக் காட்ட எண்ணையே ஏமாற்றும் வழி அது.

இதற்கிடையில் கால்கள் தேய்ந்துகொண்டிருந்தன. கெட்டித் தரை, மெல்லிய செருப்பு, மணிக்கணக்கில் குதிப்பு. 1985-இல் வந்த ஓர் ஆய்வில் மாணவர்களில் சுமார் 43 சதவீதம் பேருக்கும், பயிற்றுநர்களில் சுமார் 76 சதவீதம் பேருக்கும் காயம் இருந்தது. கற்றுக்கொடுப்பவருக்குத்தான் அடி அதிகம்! லோ-இம்பாக்ட் வந்தது இதனால்தான். அட்லாண்டாவில் ஜின் மில்லர் தன் முழங்கால் காயத்தில் இருந்து தேறுவதற்காகப் படி ஏறி இறங்கியதில் இருந்துதான் 1989 வாக்கில் ஸ்டெப் ஏரோபிக்ஸ் வந்தது. பயிற்றுநர்களுக்குத் தேர்வும் சர்டிஃபிகேட்டும் வந்ததும் இதே பத்தாண்டில்தான். நல்ல விஷயம், ஆனால் அந்தத் தேர்வுத் தாள் வழியாகத்தான் 220 பாடப்புத்தகத்தில் நிரந்தரமாக ஏறியது. 1982-இல் ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் வயரில்லாத துடிப்பு மானியைக் கொண்டுவந்தது. அளப்பது துல்லியமானது. அளந்ததை எதோடு ஒப்பிடுவது? அதே விமானக் கோட்டோடுதான்.

கேள்வி கேட்டவர்கள் மெதுவாகத்தான் வந்தார்கள். 2001-இல் ஹிரோஃபுமி தனாகாவும் கூட்டாளிகளும் 351 ஆய்வுகளைச் சேர்த்து, 18,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவை வைத்து வேறு சூத்திரம் தந்தார்கள்: வயதை 0.7-ஆல் பெருக்கி, 208-இல் இருந்து கழிக்க வேண்டும். நாற்பது வயதுக்காரருக்கு இரண்டும் 180-தான். ஆனால் 65 வயதில் பழையது 155, புதியது 162-க்கு மேல். முதியவர்களைப் பழைய கணக்கு குறைத்து மதிப்பிட்டிருக்கிறது. 2002-இல் ராபர்ட் ராபர்க்ஸும் ராபர்ட்டோ லாண்ட்வேரும் 1971 கட்டுரையைத் தோண்டி எடுத்துப் பார்த்தார்கள். இந்தச் சூத்திரத்தை நிறுவிய ஆய்வு என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. அந்தப் பழைய புள்ளிகளுக்கே முறையாகக் கோடு போட்டாலும் 220 வரவில்லை, 215 சொச்சம்தான் வந்தது. 2010-இல் சிகாகோவில் மார்த்தா குலாட்டி 5,437 பெண்களைச் சோதித்த தரவை வெளியிட்டார். பெண்களுக்கு 206-இல் இருந்து வயதின் 0.88 மடங்கைக் கழிக்க வேண்டும் என்றார். கிளாஸுக்கு வருவதில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கென்று ஒரு கோடு போட நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது.

என் 58 வயது அம்மாவுக்கு மூன்றையும் போட்டுப் பார்த்தேன். 162, 167, 155. இதில் எது சரின்னு கேட்காதீங்க. எந்தச் சூத்திரம் போட்டாலும் தனி மனிதரின் உச்சம் அதைச் சுற்றிச் சுமார் 10 துடிப்பு மேலும் கீழும் பரவி நிற்கிறது. அதுவும் மூன்றில் இரண்டு பேருக்குத்தான். மீதி ஒருவர் இன்னும் தள்ளி நிற்பார். அதாவது முப்பது பேர் கிளாஸில் பத்துப் பேருக்கு என் சார்ட் பெரிய பொய். அவங்க யாருன்னு பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. கோடு என்பது கூட்டத்துக்கு. நமக்கு முன்னால் நிற்பது ஆள்.

மாற்று வழி ரொம்ப நாளாகவே கையில் இருந்தது என்பதுதான் எனக்கு வருத்தம். ஸ்வீடனில் குன்னார் போர்க் என்ற உளவியலாளர், ஃபாக்ஸ் விமானம் ஏறிய அதே காலத்தில், எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று ஆளிடமே கேட்கும் ஓர் அளவுகோலைச் செய்து வைத்திருந்தார். 6-இல் தொடங்கி 20-இல் முடியும். ஏன் 6 என்று எல்லோரும் கேட்பார்கள். பத்தால் பெருக்கினால் ஒரு இளைஞரின் துடிப்புக்கு ஏறக்குறைய வரும், அதற்காக. 13 என்றால் கொஞ்சம் கஷ்டம், துடிப்பு 130 பக்கம். பீட்டா பிளாக்கர் சாப்பிடும் இதய நோயாளிகளுக்கு மருத்துவமனைகளில் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மாத்திரை துடிப்பை அமுக்கினாலும், கஷ்டம் எவ்வளவு என்று ஆளுக்குத் தெரியும் இல்லையா. அதைவிட எளிது பேச்சுச் சோதனை. ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் மிதமான வேகம். நடுவில் மூச்சு வாங்கித் துண்டு துண்டாக வந்தால் எல்லையைத் தாண்டுகிறோம். விஸ்கான்சினில் கார்ல் ஃபாஸ்டரும் குழுவும் இதை ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தார்கள். பேச்சு தடுமாறும் இடமும், மூச்சு திடீரென்று ஏறும் உடலியல் எல்லையும் நெருங்கியே வந்தன.

அப்படிப் பார்த்தா அந்த அம்மா "மூச்சு முட்டுதுங்க"ன்னு சொன்னதே ஒரு சோதனை முடிவுதான். அதையும் அவர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. "கண்ணு"ன்னு நிறுத்தி, "எனக்கு"ன்னு நிறுத்திச் சொன்னார். இது இப்போதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

மூன்று வாரம் கழித்து அவர் திரும்பி வந்தார். டாக்டரிடம் எழுதி வாங்கிய சீட்டும், மாத்திரை அட்டையும் கையில். "இதைப் பார்த்துக்கோ கண்ணு, வாட்சைக் கழட்டிடட்டுமா?" என்று கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தோளில் தட்டிவிட்டுத் தன் பின்வரிசைக்குப் போய் நின்றுகொண்டார்.

இப்போது என் கிளாஸில் சேருகிறவர்களுக்கு முதல் நாள் ஒரு படிவம் உண்டு. பிரஷர் மாத்திரை எது, எப்போது மாற்றினார்கள் என்று கேட்பேன், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திரும்பக் கேட்பேன். சுவரில் இருந்த சார்ட்டைக் கிழித்துவிட்டேன். அந்த இடத்தில் 0-இல் இருந்து 10 வரை பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பாட்டு நடுவே "நம்பர் சொல்லுங்க"ன்னு கத்துவேன். சிலர் வேண்டுமென்றே குறைத்துச் சொல்வார்கள், சிலர் ஓய்வு கிடைக்குமென்று கூட்டிச் சொல்வார்கள். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். பக்கத்தில் போய், காலைல என்ன டிபன்னு கேட்பேன். இட்லியும் தேங்காய்ச் சட்னியும் ஒரே மூச்சில் வந்தால் இன்னும் கொஞ்சம் போகலாம். இட்லியோடு நின்றால் அடுத்த பாட்டு மெதுவான பாட்டு.